என்னுடையது அல்லாத ஆறு கிராம்

என் கீழ்த்தாடையின் இடது பக்கத்தில் 6.214 கிராம் எலும்பு என்னுடையது அல்ல. மூன்று தசமம் வரை சொல்லக் காரணம் உண்டு. தராசுகளைச் சரிபார்ப்பது என் தொழில். கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் நிறுவனம். நகைக்கடை, மருந்துத் தொழிற்சாலை, பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் என்று எடை பிசகக்கூடாத இடங்களுக்கெல்லாம் எடைக்கற்களைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போவேன். தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, கையெழுத்திட்ட ஒட்டுத்தாளை அதன் மேல் ஒட்டிவிட்டு வருவேன். இருபத்தாறு வருடமாக இதே வேலை. அதே இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பும் எழுதுகிறேன். எழுந்த நேரம், போன இடம், பார்த்த ஆள், சாப்பிட்ட மருந்து. கருத்துகள் அதிகம் இருக்காது.

இந்த நோயைப் பற்றி எழுதச் சொன்னவர் எனக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் கவிதா. தாடையில் கட்டி என்று கேட்டதும் வீட்டுக்குப் போய் அப்புறம் வராமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டாம். குணமானவர்கள் எழுதினால் அவர்கள் திரும்பி வரக்கூடும் என்றார். அதனால் பயந்த இடங்களையும் விடாமல் எழுதுகிறேன். டாக்டர் எதிர்பார்க்காத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுத இரண்டு முறை முயன்றேன். கணக்கு சரிவரவில்லை.

தொடக்கம் ஒரு கடைவாய்ப் பல். இடது பக்கம் கீழே, வலியே இல்லாமல் ஆடத் தொடங்கியது. அதே நாட்களில் சவரம் செய்யும்போது இடது கன்னம் வலதைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. வேலைக்கு வைத்திருக்கும் அளவுகோலால் மூன்று ஞாயிற்றுக்கிழமை அளந்து எழுதினேன். இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது.

"மூஞ்சியக்கூட அளக்கிறவர இப்பத்தான் பாக்குறேன்" என்று என் மனைவி புஷ்பா சிரித்தாள். பிறகு கிட்டே வந்து பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

நாங்கள் இருப்பது கிள்ளானில். ஆனால் பல் வைத்தியத்துக்கு பிரிக்ஃபீல்ட்ஸ்தான் போவோம். கல்யாணத்துக்கு முன் அங்கே ஒரு அறையில் வாடகைக்கு இருந்தேன். அப்போதிருந்தே பழகிய பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேட்பது அவர் வழக்கம். அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முழுத்தாடைக்கும் எக்ஸ்ரே எடுத்தார். நாடியை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு குச்சியைக் கடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். இயந்திரம் தலையைச் சுற்றி வரும். வலி கிடையாது. படத்தில் என் தாடை ஒரு லாடத்தைப் பிரித்து நீட்டியது போல் தெரிந்தது. இடது பக்கத்தில் மட்டும், சோப்பு நுரை போலக் குழி குழியாகக் கறுப்பு.

"மிஸ்டர் மணியம், இந்தப் பல்ல நான் தொட மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தரேன். நாளைக்கே போங்க."

"கேன்சரா டாக்டர்?"

"பாத்தவுடனே சொல்ல முடியாதுலா. சதை எடுத்துப் பாக்கணும். ஆனா நாளைக்கே போங்க. ஆபீஸ், லீவு எல்லாம் அப்புறம்."

கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனை. எண் சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். திரையில் வரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் நகராது. எதிரே இருக்கும் ஆளைப் பார்த்தால் பயம் வரும். என் எதிரே கன்னத்தில் பாதி இல்லாத ஒருவர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். புஷ்பா அவரைப் பார்க்காமல் இருக்க, தன் கைப்பையைத் திறந்து ஒழுங்கு செய்தாள். திரும்பத் திரும்ப அதையே செய்தாள்.

கட்டியிலிருந்து பருப்பளவு சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் வீட்டில் நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புஷ்பா சோற்றைக் குழைய வடித்து, மீன் முள் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள். கட்டி என்னவோ இடது பக்கம்தான். ஆனால் மென்று விழுங்குவதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டிருந்தது. அதை அவள் கவனித்திருக்கிறாள்.

முடிவு: அமெலோபிளாஸ்டோமா. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டாக்டர் கவிதா விளக்கியபடியே எழுதுகிறேன். நாம் பிறப்பதற்கு முன்பே பல்லை உண்டாக்கும் செல்கள் தாடைக்குள் வேலை செய்கின்றன. வேலை முடிந்த பின்னும் சில அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கும். யாரோ சிலருக்கு, ஏன் என்று தெரியாமல், அவை மறுபடி வளரத் தொடங்குகின்றன. புற்றுநோய் போல் இது நுரையீரலுக்கும் ஈரலுக்கும் பரவுவது மிக அபூர்வம். ஆனால் இருக்கும் இடத்தில் எலும்பைத் தின்றுகொண்டே போகும். சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வரும். நல்ல எலும்பையும் கொஞ்சம் சேர்த்து வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கவிதா ஒரு தாளில் தாடையை வரைந்தார். வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். அடிவிளிம்பில் ஒரு மெல்லிய பட்டையை விட்டுவிட்டு மேலே உள்ளதை எடுத்துவிடுவார். பட்டை உடையாமல் இருக்க டைட்டானியம் தகடு ஒன்று, திருகாணிகளோடு. வெட்டிய குழியை எதையாவது வைத்து நிரப்ப வேண்டும்.

"அவங்கவங்க இடுப்பெலும்பிலிருந்தே எடுத்து வைக்கிறதுதான் பழைய வழி அங்கிள். உங்களுக்கு அங்க பழைய முறிவு இருக்கு, சர்க்கரையும் இருக்கு. இன்னொரு காயம் வேணாம்னு பாக்குறேன்."

"கடையில வாங்குற பொருள் இல்லையா டாக்டர்?"

"இருக்கு. வெளிநாட்டுப் போத்தல். மாட்டு எலும்பு, பன்னி எலும்புலேர்ந்து செய்றது. இந்த ஊர்ல அதுதான் சிக்கல். மலாய்க்காரங்க பன்னி வேணாம்பாங்க. நம்ம ஆளுங்க மாடு வேணாம்பாங்க. போன மாசம் ஒரு சீன அங்கிள், குவான் யின் சாமி கும்பிடுறவர், அவரும் மாடு வேணாம்னுட்டார். நான் என்னா கோழி எலும்பா வைக்க முடியும்?"

அதனால்தான் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலத்தின் ஆய்வுக்கூடத்தில் பல வருடமாக ஒரு நிரப்புப் பொருளை உருவாக்கி வருகிறார்களாம். எலும்பில் இருக்கும் அதே தாதுவைச் செயற்கையாகச் செய்து, சூளையில் சுட்டு, மணல் போல் பொடித்தது ஒரு பங்கு. இறந்தவர்கள் தானம் செய்த மனித எலும்பு இன்னொரு பங்கு. அந்த எலும்பைக் கழுவி, கொழுப்பு நீக்கி, உறைய வைத்து உலர்த்தி, கதிர்வீச்சில் கிருமி நீக்கித் தூளாக்கியிருப்பார்கள். உயிருள்ளது எதுவும் அதில் மிச்சம் இருக்காது, வெறும் சட்டம்தான். அந்தச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு நம் உடம்பு புதிய எலும்பைக் கட்டும். நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்து, விருப்பமுள்ள சில நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்கும் கட்டத்தில் இருந்தது. பிடிக்காமல் போகலாம், சீழ் வைத்தால் திறந்து எல்லாவற்றையும் எடுக்க வேண்டி வரலாம். அதையும் மறைக்காமல் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் போகும் இடம். கோடி அறையில் இருக்கும் நான்கு தசமத் தராசு என் பொறுப்பு. அதன் பக்கத்தில் சின்னச் சின்னக் குப்பிகளில் வெள்ளைத் தூள் இருக்கும். என்ன என்று நான் கேட்டதே இல்லை.

சம்மதப் படிவத்தில் பொருளின் மூலம் என்று மூன்று கட்டங்கள். மாடு, பன்றி, மனிதர். மனிதர் என்ற கட்டத்தில் குறியிடப் பேனாவை எடுத்தேன்.

"யாரோட எலும்பு டாக்டர்?" என்று கேட்டாள் புஷ்பா.

"பேரு எங்களுக்கும் தெரியாது ஆன்டி. எண் மட்டும்தான். இறந்துபோனவரோட குடும்பம் சம்மதிச்சுக் குடுத்தது."

புஷ்பா அந்தத் தாளைப் பார்த்தபடியே சொன்னாள்: "எங்க பையன் போனப்ப எங்கள யாருமே கேக்கல டாக்டர். கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

நான் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து வழக்கம் போலத்தான் இருந்தது.

கேட்டார்கள். என்னைக் கேட்டார்கள்.

எங்கள் ஒரே மகன் தினேஷ் நான்கு வருடத்துக்கு முன், வேலைக்குப் போகும் வழியில், மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தான். வயது இருபத்திரண்டு. காலையில் நடந்தது. மருத்துவமனைக்கு நாங்கள் போனபோது உயிர் இல்லை. புஷ்பாவுக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் தங்கை வாசுகி பக்கத்தில் இருந்தாள். மதியம் இரண்டு நாற்பதுக்கு உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண் என்னிடம் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, அவசரப்படுத்தாமல் பேசினார். கண்ணின் கருவிழியும் கால் எலும்பும் பலருக்கு உதவும் என்றார். எலும்பு எடுத்த இடத்தில் வேறு பொருள் வைத்து உருவம் மாறாமல் தைத்துக் கொடுப்போம் என்றார். வீட்டில் எல்லோரிடமும் கலந்து சொல்லுங்கள் என்றார்.

நான் கலக்கவில்லை. எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். மறுநாள் தகனம். அதற்கு அடுத்த நாள் எலும்பு பொறுக்க வேண்டும். காலிலிருந்து தொடங்கித் தலை வரை வரிசையாக எடுத்து, பால் ஊற்றி, சட்டியில் வைத்து, கிள்ளான் துறைமுகத்தில் படகில் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும். என் அப்பாவுக்குச் செய்திருக்கிறேன். காலிலிருந்து எடுங்கள் என்று சடங்கு செய்யும் பண்டாரம் சொல்லும்போது என் மகனுக்குக் கால் இல்லாமல் போனால் எதை எடுப்பேன்? வரிசையின் முதல் கட்டமே காலியாக இருக்குமே. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எலும்பு பொறுக்கும் இடத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்று புஷ்பாவை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். தகனக்கூடத்தின் கேஸ் உலையில் எரித்தது. ஒரு உலோகத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். சுண்ணாம்புக் கட்டி போல் துண்டுகளும் தூளும். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். காலிலிருந்து எடுங்கள் என்றார் பண்டாரம். எது கால் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன்.

"ஏதாச்சும் ஒண்ண எடுங்க சார். காலுன்னு நெனச்சுக்குங்க" என்றார். கெட்ட மனிதர் அல்ல. அடுத்த குடும்பம் வெளியே நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாம் முறையாக நடந்தது என்று புஷ்பாவிடம் சொன்னேன். அவன் இறந்த நாளின் குறிப்பில், மதியம் இரண்டு நாற்பதுக்கும் மூன்று மணிக்கும் இடையே இரண்டு வரி காலியாக இருக்கிறது. என் தொழிலில் காலி இடம் விட்டால் அதன் குறுக்கே கோடு அடித்துக் கையெழுத்திட வேண்டும். அதையும் நான் செய்யவில்லை.

அறுவை சிகிச்சை ஏழு மணி நேரம். கண் விழித்தபோது மூக்கில் குழாய், கழுத்தில் ஒரு சின்னக் குழாய், அதன் முனையில் போத்தல். மூக்குக் குழாய் உணவுக்கு; மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். கழுத்துக் குழாய் காயத்தில் ஊறும் நீரை வெளியேற்ற. அந்தப் போத்தலின் அளவை நான் குறித்து வைத்தேன்: அறுபது, முப்பத்தைந்து, இருபது, பத்து. குறைந்துகொண்டே வந்தால் நல்லது. இடது உதடும் நாடியும் மரத்துப்போயிருந்தன. நரம்பு கட்டியோடு ஒட்டியிருந்ததால் காப்பாற்ற முடியவில்லை என்றார் கவிதா. எச்சில் வழிவது எனக்கே தெரியாது. புஷ்பா துடைக்கும்போதுதான் வழிந்திருக்கிறது என்று தெரியும். இதுவரை எழுதியதில் வலியைவிட எனக்குக் கடினமாக இருந்தது இதுதான். இனி வரப்போகிறவர்கள் ஒரு சிறிய துண்டைத் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

நாக்கு வீங்கியிருந்ததால் பேச முடியாது. ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் வாசுகி, குழந்தைகள் எழுதிப் பழகும் இளஞ்சிவப்புப் பலகை ஒன்றை வாங்கி வந்தாள். எழுதியதும் அடியில் உள்ள கட்டையை இழுத்தால் அழிந்துவிடும். எழுதியது எதுவும் நிற்காத ஒன்றில் எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியில்லை. வாசுகிதான் தினமும் வேலை முடித்து வந்து புஷ்பாவைக் காரில் கிள்ளானில் கொண்டுபோய் விடுவாள். பிறகு அவ்வளவு தூரம் திரும்பித் தன் வீட்டுக்குப் போவாள். ஒரு நாள்கூட அலுத்துக்கொண்டதில்லை.

பக்கத்துக் கட்டிலில் சின்னப்பன் அண்ணன். கேரித் தீவில் செம்பனைத் தோட்டத்து லோரி ஓட்டுநர். லோரியிலிருந்து விழுந்து தாடை உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டியிருந்தார்கள். பல்லைத் திறக்காமலே ஓயாமல் பேசுவார்.

"மணியம் அண்ணே, எம் பொண்டாட்டி நேத்து வந்து டாக்டர்கிட்ட என்னா கேட்டா தெரியுமா? ஆறு வாரம் போதுமா, ஆறு மாசம் கட்டி வைக்க முடியாதான்னு கேக்குறா."

புஷ்பா சிரித்தாள். நான் பலகையில் எழுதிக் காட்டினேன்: "கம்பி போதவில்லை."

"பாத்தியாம்மா, ஒம் புருஷன் வாய் இல்லாமயே கேலி பண்றாரு."

அந்த நாட்களில் புஷ்பா நன்றாக இருந்தாள். நான்கு வருடத்தில் அவளை அப்படிப் பார்த்ததில்லை. வீட்டில் தினேஷ் படத்துக்கு முன் ஏற்றும் விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கும் ஏற்றுவதாகச் சொன்னாள். "அந்தப் புள்ளைக்கு." எலும்பு கொடுத்தவர் கிழவராகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். அவள் அதை ஒரு பிள்ளை என்று முடிவு செய்துவிட்டாள். கட்டுக்கு மேலே என் இடது தாடையை இரண்டு விரலால் தொட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். எனக்கு அங்கே உணர்ச்சி இல்லை. சுவரில் இருந்த கண்ணாடியில் அவள் தொடுவதைப் பார்ப்பேன்.

ஐந்தாம் நாள் மதியம், பார்வையாளர் நேரத்தில் ஃபரிடா வந்தார். அந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர். தராசு அறைக் கதவைத் திறந்து வைத்தால் காற்றில் அளவு ஆடும் என்று வருடக்கணக்கில் நான் அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். மலாயில் பேசினார், தமிழில் தருகிறேன்; என்சே என்பது திரு என்பது போல.

"என்சே மணியம், இப்போதெல்லாம் கதவைச் சாத்தித்தான் வைக்கிறோம். உங்கள் தாடைக்கு உள்ளதை எடைபோட்ட அன்று கதவில் அறிவிப்பே ஒட்டினேன்."

நான் எழுதினேன்: "எத்தனை கிராம்?"

கேட்பேன் என்று அவருக்குத் தெரியும். குறித்தே கொண்டு வந்திருந்தார். மொத்தம் பதினொன்றுக்குச் சற்று மேல். அதில் மனித எலும்பு 6.214. எடைபோட்ட தராசில் என் கையெழுத்து ஒட்டுத்தாள் இருந்தது.

புஷ்பா அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். இது எப்போது எல்லோருக்கும் கிடைக்கும் என்று கேட்டாள். அவளுடைய மலாய் என்னுடையதைவிட நல்லது.

"பொருள் செய்ய எங்களுக்குத் தெரியும் அக்கா. அது பாதி வெற்றிதான். எலும்புதான் கிடைப்பதில்லை. எந்த மதமும் தடுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் குடும்பங்கள் வேண்டாம் என்கின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது."

"கேட்டால்தானே கொடுப்பார்கள்?" என்றாள் புஷ்பா. "என் மகன் கிள்ளானில் இறந்தான். ஒருவரும் வந்து கேட்கவில்லை. அங்கே அப்படி ஒரு வேலையில் ஆளே இல்லை போலிருக்கிறது. நீங்கள் மேலே எழுதிச் சொல்லுங்கள். நான் வேண்டுமானால் பெயர், தேதி எல்லாம் தருகிறேன்."

ஃபரிடா கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "வழக்கமாகக் கேட்பார்களே அக்கா" என்று மெதுவாகச் சொன்னார்.

கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் முகம் எனக்கு நினைவு வந்தது. தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர். அவர் செய்யவில்லை என்று ஒரு தாளில் பதிவாகப் போகிறது. அதை எழுத விட்டிருக்கலாம். விட்டிருந்தால் புஷ்பாவின் இரண்டு விளக்கும் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். பலகையை எடுத்துத் தமிழில் எழுதினேன்: "கேட்டார்கள். நான்தான் வேண்டாம் என்றேன்."

புஷ்பா படித்தாள். மறுபடி படித்தாள். பலகையை என் நெஞ்சின் மேல், எழுத்து மேலே தெரியும்படி வைத்தாள். ஃபரிடாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நோட்டை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். சின்னப்பன் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த நேரம் நர்ஸ் வந்தாள். "அங்கிள், வலி பத்துக்கு எத்தனை?" பலகையில் ஏற்கெனவே எழுத்து இருப்பதைப் பார்த்து, எனக்கு எழுத இடம் வேண்டும் என்று கட்டையை இழுத்து அழித்துவிட்டுக் கையில் கொடுத்தாள்.

நான் 4 என்று எழுதினேன். உண்மையில் நான்குதான்.

மறுநாள் புஷ்பா வழக்கமான நேரத்துக்கு வந்தாள். பால் விட்டாள், எச்சில் துடைத்தாள், போத்தலைப் பார்த்து அளவைச் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்.

"என்னாத்தக் கேட்டாங்க?"

"கண். கால் எலும்பு" என்று பலகையில் எழுதினேன்.

"நான் எங்க இருந்தேன்?"

"ஊசி போட்டுப் படுத்திருந்தாய்."

"எழுப்பியிருக்கலாமே. வாசுகியக் கேட்டிருக்கலாமே."

ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டாள். காலிலிருந்து எலும்பு பொறுக்குவதைப் பற்றி எழுதினேன். பலகை சிறியது. எழுதி, காட்டி, அழித்து, மறுபடி எழுதி, ஆறு முறை. ஒவ்வொன்றையும் அவள் முழுதாகப் படித்துவிட்டுத் தலையசைத்த பிறகுதான் அழித்தேன்.

"எல்லாம் முறையா நடந்துச்சுன்னு சொன்னீங்களே" என்றாள்.

கடைசியாக எழுதினேன்: "தட்டில் எது கால் என்று தெரியவில்லை."

இதை மட்டும் அவளே அழித்தாள். பிறகு துண்டை எடுத்து என் வாயைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாளா, மெல்லத் துடைத்தாளா என்று எனக்குத் தெரியாது.

பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழாய் எடுத்தாகிவிட்டது. வடிகட்டிய கஞ்சி, பிறகு குழைந்த சாதம். உறிஞ்சுகுழலில் குடிக்கக்கூடாது, வாய்க்குள் ஏற்படும் இழுப்பில் தையல் பிரியும். சூடான கோப்பி உதட்டைச் சுடுவது தெரியாது என்பதால் புஷ்பா தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தருவாள். எதையும் அவள் குறைக்கவில்லை. பேச்சு மட்டும், தேவையான அளவுக்கு இருந்தது. வீட்டில் இரண்டு விளக்கும் எரிந்தன. தழும்புக்கு மருந்து தடவும்போது அவள் விரல் இடது தாடையில் சற்று அதிக நேரம் நிற்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். என் கண்ணை அவள் பார்க்கவில்லை. அங்கே அவள் தொட்டது என்னை அல்ல.

ஆறாம் வாரம் எக்ஸ்ரே. சீழ் இல்லை. ஆறாம் மாதம் இன்னொரு எக்ஸ்ரே. கவிதா திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முன்பு மணல் கொட்டியது போல் தனித்தனியாக இருந்த புள்ளிகள் இப்போது ஓரத்தில் என் எலும்போடு கலந்து, மேகம் போல் வெளுத்திருந்தன.

"பிடிச்சிருக்கு அங்கிள். ரொம்ப நல்லாப் பிடிச்சிருக்கு. கட்டடத்துக்குச் சாரம் கட்டுற மாதிரிதான் இது. கட்டடம் எழும்ப எழும்ப ஒடம்பே சாரத்தக் கரைச்சிரும். சுட்ட மணல் ரொம்ப நாள் இருக்கும். எலும்புத்தூள் மட்டும் போயிரும். அந்த எடத்துல உங்க எலும்பு வந்திரும்."

"அந்தப் புள்ளையோடது இருக்காதா?" என்று கேட்டாள் புஷ்பா.

"இருக்காது ஆன்டி. மெதுமெதுவாப் போயிரும். அதான் நல்லது."

"அதுவும் போயிருமா" என்றாள்.

நான் சொன்ன நாளிலிருந்து அதுவரை அவள் என் முன்னால் அழவில்லை. இப்போது அழுதாள். கவிதா பயந்துவிட்டார். நல்ல செய்திதான் ஆன்டி, நல்ல செய்தி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவள் தோளில் கை வைத்தேன். எடுக்கச் சொல்லவில்லை. சாயவும் இல்லை.

மருந்து வாங்கக் கீழே வந்தோம். மருந்தகத்துக்கு எதிரே உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யும் முகப்பு இருந்தது. மேசையில் படிவங்கள். அத்தனை மாதமும் நாங்கள் அதைக் கடந்துதான் போயிருக்கிறோம். புஷ்பா என்னை மருந்து வரிசையில் நிற்க வைத்துவிட்டு அங்கே போனாள். உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிய எழுத்தில் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். மருந்தோடு நான் போனபோது படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"சரியா இருக்கான்னு பாருங்க. ஐசி நம்பர் ஒண்ணு தப்பினாலும் செல்லாதாம்."

அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, எண்ணை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பெயர், பிறந்த தேதி, கிள்ளான் முகவரி. எல்லா உறுப்புகளும், எல்லாத் திசுக்களும் என்ற கட்டத்தில் குறி. அதற்குக் கீழே, இறப்புக்குப் பின் தொடர்புகொள்ள வேண்டிய நெருங்கிய உறவினர் என்று ஒரு கட்டம். அதில் வாசுகியின் பெயர் இருந்தது. உறவு: தங்கை. ஸ்ரீ கெம்பாங்கான் முகவரி, கைப்பேசி எண்.

என் கைப்பேசியில் இருந்த வாசுகியின் எண்ணோடு அதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். படிவத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"சரியா இருக்கு" என்றேன்.